ராணுவம் வெளிச்சத்துக்குக் கோப்பு திறந்த கதை

1947 ஜூன் 24 அன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறு விமானம் ஓட்டிப்போன கென்னத் அர்னால்டு, ரெய்னியர் மலைப் பக்கம் ஒன்பது பொருட்கள் பளபளவென்று பறந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். பத்திரிகைகள் அவற்றைப் ‘பறக்கும் தட்டு’ ஆக்கிவிட்டன. விமானப்படைக்கோ வேற்றுக்கிரகத்தைவிட ரஷ்யாவைப் பற்றித்தான் கவலை. சோவியத்தின் புதுவகை விமானமாக இருந்துவிட்டால்? அந்தப் பயத்தில் 1948-ல் ‘சைன்’ திட்டம் பிறந்தது. அதுவே பேர் மாறி 1952-ல் ‘புளூ புக்’ ஆயிற்று. 1969-ல் கடையைக் கட்டும்போது கணக்கில் 12,618 புகார்கள். அவற்றில் 701-க்கு விடை கிடைக்கவில்லை.

நம் நாட்டில் அதே பயம் 2012-ல் லடாக்கில் தலைகாட்டியது. சீன எல்லையை ஒட்டிய பாங்காங் ஏரிப் பக்கம், கீழ்வானத்தில் மஞ்சள் வெளிச்சங்கள் ஏறி, மணிக்கணக்காக நகர்ந்து மறைவதாக ராணுவமும் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையும் அறிக்கைமேல் அறிக்கை அனுப்பின. உளவு பார்க்க வந்த சீன டிரோன் என்று சந்தேகம். ரேடாரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதில் ஒன்றும் சிக்கவில்லை. பல கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பது அதில் எப்படிச் சிக்கும்?

கடைசியில் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தைக் கேட்டார்கள். நமக்கு அந்நியமான இடமல்ல அது: பழைய சென்னை வானாய்வகத்தின் வாரிசு. கொடைக்கானலும், சேலத்துக்கு வடகிழக்கே ஆலங்காயம் பக்கத்துக் காவலூரும் அதன் நிலையங்கள். லடாக்கின் ஹான்லேயிலும் அதற்குத் தொலைநோக்கி உண்டு. அந்த வெளிச்சங்கள் எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில், எத்தனை மணிக்குத் தெரிகின்றன, விண்மீன்களோடு சேர்ந்து நகர்கின்றனவா என்று பதிந்து பார்த்ததில் குட்டு வெளிப்பட்டது. ஒன்று வியாழன், மற்றொன்று வெள்ளி. 2013-ல் செய்தி வெளியானபோது, படையினர் எழுதிவைத்த காட்சிகள் 329 என்றும், அவற்றில் 155-ஐ எல்லை மீறலாகவே கணக்கு வைத்திருந்தார்கள் என்றும் தெரிந்தது.

ராசிபுரம் பக்கம் விடியக்காலை தண்ணீர் கட்டப் போகிறவர், கொல்லிமலைக்கு மேலே ஏறும் விடிவெள்ளியைப் பார்த்துப் பதறமாட்டார். அதற்காக அந்த ஜவான்களைக் கேலி செய்வது சரியில்லை. 4,000 மீட்டருக்கு மேலே தூசியும் ஈரமும் குறைந்த காற்றில் கோள்கள் கண்ணைப் பறிக்கும். போதாததற்கு எதிரே சீன ராணுவம். பார்த்ததை எழுதி அனுப்புவதே அவர்கள் கடமை. வானியலாளரிடம் தாமதமாகப் போனதுதான் குறை.

நீங்களும் புரியாத வெளிச்சம் ஒன்றைக் கண்டால், கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புவதற்கு முன் மணியையும் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே இடத்தில் நின்று பாருங்கள். ஏறக்குறைய அதே நேரம், அதே திசையில் மறுபடி வந்தால் அது பெரும்பாலும் கோளோ விண்மீனோதான்.