செவிடன் காதில் ஊதிய சங்கும் கண்டியின் மேளங்களும்

‘செவிடன் காதில் ஊதின சங்கு மாதிரி’ என்று நாங்கள் எல்லாருமே ஒரு தடவையாவது சொல்லியிருப்போம். வீட்டில் அப்பா சொல்லுவார், வகுப்பில் டீச்சர் சொல்லுவாங்க, நாங்களும் ஒருத்தரை ஒருத்தர் கலாய்க்கும்போது சொல்லுவோம். அந்தப் பழமொழியில் ஏதும் பிழை இருக்கும் என்று யோசிச்சதே இல்லை, ஒரு பெரஹரா இரவு வரைக்கும்.

அன்றைக்கு தலதா வீதி ஓரத்தில் பாயை விரிச்சு உட்கார்ந்திருந்தோம். எங்களோட ஒரு தோழியும் வந்திருந்தாள். ஹந்தானைப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள், பிறவியிலிருந்தே காது கேளாதவள். யானைகளையும் தீப்பந்தங்களையும் பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று நாங்களே முடிவு பண்ணிக்கொண்டோம். ஆனா மேளக்காரர்கள் கிட்ட வரும்போதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்! பிறகு போனில் டைப் பண்ணிக் காட்டினாள்: “சவுக்கு கேக்கல. குழலும் இல்ல. தவுல் வயித்துக்குள்ள அடிக்குது.”

இந்த மூன்று வசனத்தைத்தான் நாங்கள் அப்புறம் பல நாளா கதைச்சுக்கொண்டிருந்தோம்.

அவள் சொன்னதில் மாயம் ஒன்றும் இல்லை. ஒலி என்பது அதிர்வு. காதுக்குள் இருக்கிற நுண்ணிய மயிர்க்கலங்கள் அதைப் பிடித்து மூளைக்கு அனுப்புகின்றன. ஆனா அதிர்வைப் பிடிக்கிற வேலையைக் காது மட்டும் செய்யவில்லை. எங்களோட தோலுக்கு அடியிலும் அதிர்வை உணருகிற நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. செக்கனுக்கு ஏறக்குறைய 250 தடவை அதிருகிற ஒலியை அவை நல்லாவே உணரும். 1,000ஐத் தாண்டினால் தோலுக்கு அநேகமா ஒன்றும் விளங்காது. அதனால்தான் சவுக்கின் ‘சடார்’ சத்தமும் ஹொரணையின் கீச்சுக் குரலும் அவளுக்கு எட்டவில்லை, தவுல் எட்டியது.

இப்போது கண்டியின் வரலாற்றை இந்தக் கண்ணோடு பார்ப்போம். 1660இல் பிடிபட்டு கண்டி இராச்சியத்தில் 19 வருஷம் கைதியா இருந்தவர் ஆங்கிலேயரான ராபர்ட் நொக்ஸ். தப்பிப்போய் 1681இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் பெரஹராவைப் பற்றியும் எழுதியிருக்கிறார், அதில் வரிசையா வருகிற மேளக்காரர்களும் இருக்கிறார்கள். அப்போது அது தேவாலயத் தெய்வங்களின் ஊர்வலம். புனித தந்ததாது அதன் முன்னணிக்கு வந்தது கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782) காலத்தில். ஊர்வலத்தின் ஒழுங்கு மாறியது, மேளம் போகவில்லை. இடுப்பில் கட்டி இரண்டு கையாலும் அடிக்கிற கெட்ட பெர, ஒரு பக்கம் குச்சியாலும் மறுபக்கம் கையாலும் அடிக்கிற தவுல், இரட்டை மேளமான தம்மெட்டம் எல்லாம் இன்றைக்கும் தெருவை அதிர வைக்கின்றன. தலதா மாளிகையிலும் தினமும் பூசை நேரத்தில் மேளம் முழங்குகிறது. மைக், ஸ்பீக்கர் எதுவும் இல்லாத காலத்தில் தோலும் மரமும்தான் கூட்டத்துக்கு இசையைக் கொண்டுபோனது. அந்தக் கூட்டத்தில் காது கேளாதவர்களும் நின்றிருப்பார்கள்தானே?

மலைக்கு மேலே எங்களோட ஆட்களின் கதை இன்னொன்று. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிடுகிறதுக்கு முன்னமே, கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்தவர்கள் தப்பையும் கொண்டுவந்தார்கள். விடியக்காலையில் பெரட்டுக்கு ஆள் கூப்பிட அடிச்சதும் தப்புத்தான். காமன் கூத்துக்கும், சாவு வீட்டுக்கும், திருவிழாவுக்கும் அதே தப்பு. தோலை நெருப்பில் காய்ச்சி இறுக்கி அடிச்சால், பக்கத்தில் நிற்கிறவனின் நெஞ்சுக்கூடு அதிரும். எங்களோட தோழி சொன்னாள், லயத்துக்கு முன்னால் தப்பு அடிச்சால் வாசல் பலகையில் கையை வைத்து எந்த அடி என்று கண்டுபிடிப்பாளாம். கல்யாணத்துக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி. அவளுக்கு யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பள்ளிக்கூடம் அதை மதித்ததா? 6ஆம் ஆண்டில் அழகியல் பாடம் தெரிவு செய்யும்போது இவள் சங்கீதத்தைக் காட்டினாளாம். “உனக்கு எதுக்கு சங்கீதம்?” என்று சிரிச்சு சித்திரத்துக்குப் போட்டுவிட்டார்கள். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

இந்தச் சிரிப்புக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரத்தில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சு முறைதான் உயர்ந்தது என்று தீர்மானித்தது. அதன் பிறகு பல நாடுகளின் வகுப்பறைகளிலிருந்து சைகைமொழி துரத்தப்பட்டது. கேட்கிறவர்கள் மாதிரி ஆகிறதுதான் கல்வி என்ற எண்ணம் அப்படி வேர்விட்டது. எங்கள் நாட்டில் இவர்களுக்கான முதல் பாடசாலையை மேரி சாப்மன் 1912இல் ஆரம்பித்தார், கைதடி நஃபீல்ட் பாடசாலை 1956இல் வந்தது. படிக்க இடம் கிடைத்தது பெரிய விஷயம். ஆனா இசை இவர்களுக்கும் சொந்தம் என்ற எண்ணம் சமூகத்துக்கு இன்னும் வரவில்லை.

வெளியுலகத்தில் இதை உடைத்தவர்கள் இருக்கிறார்கள். காது போன பிறகும் பீத்தோவன் எழுதியதை எல்லாரும் சொல்லுவார்கள். 1824இல் வியன்னாவில் ஒன்பதாவது சிம்பொனி அரங்கேறியபோது, கைதட்டலைப் பார்க்க அவரை ஒரு பாடகி திருப்பிவிட வேண்டியிருந்ததாம். அதே சிம்பொனியை சரியா 100 வருஷம் கழித்து, 1924இல், ஹெலன் கெல்லர் வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கித் தகட்டில் கையை வைத்து ரசித்தார், இசைக்குழுவுக்குக் கடிதமும் எழுதினார். ஸ்கொட்லாந்தின் எவலின் கிளெனிக்கு 12 வயதாகும்போதே அநேகமா முழுசாக் காது கேளாமல் போனது. அவருடைய ஆசிரியர் மேளத்தை அடிக்கும்போது சுவரில் கையை வைக்கச் சொன்னார். தாழ்ந்த சுருதியைக் கால்களிலும், உயர்ந்ததை முகத்திலும் கழுத்திலும் உணரப் பழகினார். செருப்பில்லாமல் மேடையேறி வாசிக்கிற அவர்தான் 2012 இலண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஆயிரம் மேளக்காரர்களை நடத்தினார். 2001இல் அமெரிக்காவில் டீன் ஷிபாட்டா செய்த மூளைப்படப் பரிசோதனையிலும், கையில் அதிர்வு பட்டபோது காது கேளாதவர்களின் மூளையில் ஒலிக்கான பகுதியே விழித்துக்கொண்டது தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காது கேளாத எல்லாருக்கும் இசை பிடிக்கும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கேட்கிறவர்களிலேயே இசை பிடிக்காதவர்கள் இருக்கிறார்களே! கொஞ்சம் கேட்கிறவர்கள், கருவி போட்டவர்கள், சைகையிலேயே பாட்டை ரசிக்கிறவர்கள் என்று ஒவ்வொருத்தருக்கும் ஒரு வழி. உட்காதுக் கருவி வைத்தவர்களுக்குத் தாளம் நல்லா விளங்கும், சுருதி பிரித்தறிவது கஷ்டம் என்கிறார்கள். பிடிக்குதா இல்லையா என்பதை அவரவர்தான் முடிவு பண்ண வேண்டும். எங்களோட தோழிக்கு அந்த முடிவை வேற யாரோ எடுத்தார்கள், அதுதான் அநியாயம்.

வேடிக்கை என்னவென்றால், மேளம் அடிக்கிறவர்களையும் எங்கள் சமூகம் மதிக்கவில்லை. சிங்களவர்களில் பெரவா, எங்களில் தப்படிக்கிறவர்கள், இரண்டு பேரையுமே சாதி சொல்லி ஓரத்தில் வைத்தோம். ஓரத்தில் நின்ற தோழிக்கு இசையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஓரத்தில் வைத்தவர்களின் தோல் மேளம்தான்.

அடுத்த பெரஹராவுக்கும் அவள் வருவாள். இந்தத் தடவை வீதி ஓரத்தில் முன்வரிசை இடம் அவளுக்குத்தான் என்று பேசி வைத்திருக்கிறோம். நீங்களும் உங்கள் ஊர்த் திருவிழாவில் மேளத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள். அந்தப் பழமொழியை அடுத்த தடவை சொல்ல வாய் வந்தால் கொஞ்சம் நில்லுங்கள். சங்கை ஏன் காதில் ஊதணும்? அவள் கையில குடுத்துட்டு ஊதிப் பாருங்க.