பைப்பர் டுவின் கொமான்சி

பைப்பர் டுவின் கொமான்சி என்பது அமெரிக்காவின் பைப்பர் நிறுவனம் 1963 முதல் 1972 வரை தயாரித்த, இரண்டு பிஸ்டன் பொறிகள் கொண்ட இலகு வானூர்தி ஆகும். பிஏ-30, பிஏ-39 என்னும் இரு வகை எண்களில் 2,000க்கும் மேற்பட்ட வானூர்திகள் கட்டப்பட்டன. தனியார் உடைமையாகவும், இரு பொறி வானூர்தி ஓட்டுவதற்கான பயிற்சிக்கும் இது பெருமளவில் பயன்பட்டது. ஒரு பொறி நின்றுபோகும் நிலையை மாணவர்களுக்கு எவ்வாறு பாதுகாப்பாகக் கற்பிப்பது என்ற கேள்வி இவ்வானூர்தியின் வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது.

வரலாறு

பைப்பர் நிறுவனம் தன் வானூர்திகள் பலவற்றுக்கு அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் பெயர்களைச் சூட்டி வந்தது. அந்நிறுவனத்தின் முதல் இரு பொறி வானூர்தியான அப்பாச்சி 1954இல் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளில் அதைவிட வேகமானதும் எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதுமான ஒரு மாற்று தேவைப்பட்டது. புதிய வடிவத்தை முதலிலிருந்து உருவாக்குவதற்குப் பதிலாக, ஏற்கெனவே விற்பனையில் இருந்த ஒற்றைப் பொறி கொமான்சியின் மூக்கிலிருந்த பொறியை நீக்கி, இறக்கைகளில் இரு பொறிகளைப் பொருத்தும் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. இதன் மாதிரியை உருவாக்குவதில் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த வடிவமைப்பாளர் எட் சுவேரிஞ்சன் பங்காற்றினார். 1963இல் விற்பனை தொடங்கியது.

1964 டிசம்பரில் மாக்ஸ் கான்ராட் என்னும் அமெரிக்க விமானி, கூடுதல் எரிபொருள் தொட்டிகள் பொருத்திய டுவின் கொமான்சியில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை, ஏறத்தாழ 12,700 கி.மீ. தொலைவை, இடையில் எங்கும் இறங்காமல் தனியாகப் பறந்து கடந்தார்.

1972 ஜூனில் ஆக்னஸ் சூறாவளியால் சஸ்குவஹானா ஆற்றில் பெருவெள்ளம் ஏற்பட்டது. பென்சில்வேனியாவின் லாக் ஹேவன் நகரிலிருந்த பைப்பர் தொழிற்சாலை நீரில் மூழ்கியது. கொமான்சி வரிசையின் உற்பத்தி அத்துடன் முடிவுக்கு வந்தது.

வடிவமைப்பு

இது தாழ் இறக்கையும் உள்ளிழுக்கும் சக்கரங்களும் கொண்ட, முழுவதும் உலோகத்தாலான வானூர்தி. ஒவ்வொரு இறக்கையிலும் 160 குதிரைத்திறன் கொண்ட லைகமிங் ஐஓ-320 பொறி ஒன்று உண்டு. காற்று குழப்பமின்றி அடுக்கடுக்காக வழிந்தோடும் வகையில் இறக்கையின் குறுக்குவெட்டு அமைக்கப்பட்டதால் காற்றுத் தடை குறைந்தது. முதலில் நான்கு இருக்கைகளே இருந்தன. பின்னர் வந்த பிஏ-30பி வகையில் ஆறு இருக்கைகளைப் பொருத்திக்கொள்ள முடிந்தது.

ஒற்றைப் பொறிப் பறப்பு

இரண்டு பொறிகள் இருப்பதால் பாதுகாப்பு இரு மடங்காகிறது என்ற எண்ணம் பரவலானது. இலகு வானூர்திகளில் அது எப்போதும் உண்மையன்று. கடல்மட்டத்தில் முழு எடையுடன் பிஏ-30 இரு பொறிகளாலும் நிமிடத்துக்கு 1,460 அடி மேலேறும். ஒரே பொறியால் 260 அடிதான் ஏறும். அதாவது, திறனில் பாதியை இழக்கும்போது ஏறும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் போய்விடுகிறது. மட்டமாகப் பறப்பதற்கே திறனின் பெரும்பகுதி செலவாவதே இதற்குக் காரணம். எஞ்சும் திறனே வானூர்தியை மேலேற்றுகிறது.

மற்றொரு சிக்கல் திசைக் கட்டுப்பாடு. ஒரு பொறி நின்றால், இயங்கும் பொறி வானூர்தியை மறுபக்கம் திருப்ப முயலும். வாலிலுள்ள சுக்கான் இதை எதிர்க்க வேண்டும். வேகம் குறையக் குறையச் சுக்கானின் வலுவும் குறையும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே சுக்கானை முழுவதும் அழுத்தினாலும் திசையைக் காக்க இயலாது. இதுவே குறைந்தபட்சக் கட்டுப்பாட்டு வேகம் எனப்படுகிறது. வேகமானியில் இது சிவப்புக் கோடாகக் காட்டப்படும்.

பிஏ-30இன் இரு புரொப்பெல்லர்களும், பின்னாலிருந்து பார்க்கும்போது, வலஞ்சுழியாகச் சுழல்கின்றன. மூக்கு உயர்ந்த நிலையில் கீழிறங்கும் அலகே அதிக உந்துவிசை தருவதால், ஒவ்வொரு புரொப்பெல்லரின் விசையும் சற்று வலப்புறம் நகர்கிறது. வலப் பொறியில் அது உடற்பகுதியிலிருந்து மேலும் விலகுவதால் அதன் திருப்பும் விசை மிகுகிறது. எனவே இடப் பொறி நிற்பதே கூடுதல் ஆபத்தானது. இதனால் இடப் பொறி 'நெருக்கடிப் பொறி' எனக் கருதப்படுகிறது.

பயிற்சி விபத்துகள்

1960களில் இவ்வானூர்தியில் பயிற்சியின்போது பல உயிரிழப்பு விபத்துகள் நிகழ்ந்தன. ஒரு பொறியின் திறனை நீக்கி, கட்டுப்பாடு இழக்கும் தருணம் வரை வேகத்தைக் குறைத்துக் காட்டுவது அப்போதைய பயிற்சியின் ஒரு பகுதியாகும். தாழ்வான உயரத்தில் இதைச் செய்தால் தவறைத் திருத்தப் போதிய உயரம் இராது. உயரே சென்றால் வேறொரு பொறி காத்திருந்தது: காற்று அடர்த்தி குறைவதால் பொறியின் திறனும், அதனுடன் குறைந்தபட்சக் கட்டுப்பாட்டு வேகமும் குறையும். ஆனால் இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம், வேகமானியின் கணக்கில், மாறுவதில்லை. இரண்டும் நெருங்கும்போது, திசை விலகும் முன்னரே இறக்கை தூக்குவிசையை இழந்து, வானூர்தி சுழன்றபடி கீழே விழக்கூடும்.

இதன் விளைவாக, குறைந்தபட்சக் கட்டுப்பாட்டு வேகம் மணிக்கு 80 மைலிலிருந்து 90 மைலாக உயர்த்தப்பட்டது. 1970இல் பிஏ-39 வகை அறிமுகமானது. இதில் வலப் புரொப்பெல்லர் எதிர்த்திசையில் சுழல்கிறது. இரு பக்க விசைகளும் சமமாவதால் இவ்வகையில் நெருக்கடிப் பொறி என ஒன்று இல்லை.

தாக்கம்

பின்னர் வந்த பைப்பர் செனிக்கா, பயிற்சிக்கென்றே உருவான பைப்பர் செமினோல், பீச்கிராப்ட் டச்சஸ் ஆகியவற்றிலும் எதிரெதிர்த் திசைகளில் சுழலும் புரொப்பெல்லர்கள் இடம்பெற்றன. எனினும் இந்த ஏற்பாடு ஒற்றைப் பொறியின் ஏறும் ஆற்றலைப் பெருமளவு கூட்டுவதில்லை. போதிய வேகத்தைக் காக்கும் பொறுப்பு விமானியிடமே உள்ளது. நாசா நிறுவனமும் ஒரு டுவின் கொமான்சியைக் கலிபோர்னியாவில், தொலைவிலிருந்து இயக்கும் வானூர்திகள் பற்றிய ஆய்வுக்குப் பயன்படுத்தியது.

விவரக்கூற்று (பிஏ-30)

- பணிக்குழு: 1 விமானி
- நீளம்: 7.67 மீ
- இறக்கை அகலம்: 10.97 மீ
- உயர்ந்தபட்சப் புறப்பாட்டு எடை: 1,633 கி.கி
- பொறிகள்: 2 × லைகமிங் ஐஓ-320, ஒவ்வொன்றும் 160 குதிரைத்திறன்
- உயர்ந்தபட்ச வேகம்: மணிக்கு 330 கி.மீ.
- ஏறும் வீதம்: நிமிடத்துக்கு 1,460 அடி (ஒரு பொறியில் 260 அடி)