நத்தார்த் தினத்துப் பந்தி

1889ஆம் ஆண்டு நத்தார்த் தினத்தன்று இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலே, புரூம் டெரஸ் எட்டாம் இலக்க வீட்டில், முஸ்லிம்களின் தொழுகைத் தலமொன்று திறக்கப்பட்டது. அன்று அந்நகரத்து ஏழைச் சிறுவர்கள் அங்கே உணவருந்தினர். பின்னரும் நத்தார்தோறும் அப்பந்தி தொடர்ந்தது.

இதற்கு முன்னின்றவர் வில்லியம் ஹென்றி குவில்லியம் என்னும் சட்டத்தரணி. 1856இல் அந்நகரிலேயே பிறந்தவர். மொரோக்கோ சென்று திரும்பி, 1887இல் இஸ்லாத்தைத் தழுவியவர். அவருடைய சிறு கூட்டத்தை ஊரார் விரும்பினரல்லர். பாங்கொலி கேட்டபோது கல்லும் சேறும் எறிந்தனர். எறிந்தவர்தம் வீட்டுப் பிள்ளைகளும் அப்பந்தியில் இருந்திருக்கக் கூடுமன்றோ?

1893இல் அவர் தொடங்கிய வாரப் பத்திரிகை கடல் கடந்தும் வாசிக்கப்பட்டது. 1894இல் துருக்கி சுல்தான் அவருக்குப் பட்டமளித்தார். எனினும், அவற்றினும் மேலாக நான் மதிப்பது, 1896இல் அவர் அமைத்த மதீனா இல்லத்தையே. விவாகமின்றிப் பிள்ளை பெற்ற தாயரை ஊர் ஒதுக்கிய காலம் அது. அத்தாயர் வளர்க்க இயலாத குழந்தைகளுக்கு அவ்வில்லம் புகலிடமாயிற்று.

குவில்லியம் குறையற்றவரல்லர். 1908இல் அவர் நாட்டைவிட்டு நீங்கினார். வழக்கொன்றில் முறைதவறி நடந்தமைக்காக மறு வருடம் சட்டத்தரணிப் பதிவையும் இழந்தார். தலைவர் போனபின் கூட்டம் கலைந்தது.

அவ்வீடோ நகரசபைக்குச் சென்று, நெடுங்காலம் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவகத்தின் பகுதியாயிருந்தது. 2014இல் புதுப்பிக்கப்பட்டு, மீண்டும் தொழுகைக்குத் திறக்கப்பட்டது.