புது சிப் வரப்போகுதாம்... லேப்டாப் வாங்குறதை தள்ளிப்போடலாமா? முழு விளக்கம்

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பகுதிகளில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், கையில் பணம் புரளாது. பிளஸ் 2 ரிசல்ட் வருவதும், காலேஜ் சேர்க்கை பரபரப்பும் இதே நேரத்தில்தான். 'பிள்ளைக்கு ஒரு லேப்டாப் வேணும்' என்ற பேச்சும் அப்போதுதான் வீட்டில் தொடங்கும். சில வீடுகளில் அதற்கு நகைக்கடன்தான் வழி.

அந்த நேரம் பார்த்து மொபைலில் ஒரு செய்தி வரும்: 'இன்னும் வேகமான பிராசசரோடு புது லேப்டாப் விரைவில்!' உடனே குழப்பம். இப்ப வாங்கலாமா, பொறுத்திருக்கலாமா?

விவரமாகப் பார்க்கலாம்.

இந்தத் தகவல்கள் எங்கிருந்து கசிகின்றன?

பெரும்பாலும் நான்கு வழிகள். ஒன்று, உதிரிபாகம் தயாரிக்கும் ஆலைகளில் இருந்து சந்தை ஆய்வாளர்கள் திரட்டும் தகவல். இரண்டு, இன்னும் வெளிவராத கணினியை யாரோ சோதித்துப் பார்க்க, அதன் மதிப்பெண் கீக்பெஞ்ச் போன்ற தளங்களில் பதிவாகிவிடுவது. மூன்று, இயங்குதளத்தின் சோதனைப் பதிப்பில் புது மாடலின் பெயர் ஒளிந்திருப்பது. நான்கு, அரசு சான்றிதழ் பதிவுகள். இந்தியாவில் லேப்டாப் விற்க பிஐஎஸ் பதிவு கட்டாயம் என்பதால், அங்கே மாடல் எண் தெரிந்தால் விற்பனைக்கு வர வாய்ப்பு உண்டு என்று கணிப்பார்கள்.

இவற்றில் உண்மையும் இருக்கும். ஆனால் 'சிப் தயார்' என்பது ஒரு செய்தி, 'அந்த சிப் போட்ட லேப்டாப் உங்க ஊர் கடைக்கு வந்தாச்சு' என்பது வேறு செய்தி. இரண்டுக்கும் நடுவே பல மாதங்கள் ஓடிவிடலாம்.

உதாரணத்துக்கு, ஆப்பிளின் எம்3 சிப் 2023 அக்டோபரில் மேக்புக் புரோவில் வந்தது. பலரும் எதிர்பார்த்த மேக்புக் ஏர் மாடலுக்கு அது வந்தது 2024 மார்ச்சில்தான். எம்4 சிப்பும் அப்படித்தான்: புரோவுக்கு 2024 அக்டோபர், ஏர் மாடலுக்கு 2025 மார்ச்.

வரவே வராத லேப்டாப்

2003 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் ஜி5 பிராசசர் கொண்ட மேசைக் கணினியை அறிமுகம் செய்தது. வேகம் 2 ஜிகாஹெர்ட்ஸ். ஒரே வருடத்தில் 3 ஜிகாஹெர்ட்ஸ் தருவோம் என்று மேடையிலேயே சொன்னார் ஸ்டீவ் ஜாப்ஸ். உடனே அடுத்த எதிர்பார்ப்பு கிளம்பியது: ஜி5 சிப் பவர்புக் லேப்டாப்புக்கு எப்போது வரும்?

அது வரவே இல்லை. காரணம் சூடு. 2004ல் வந்த 2.5 ஜிகாஹெர்ட்ஸ் மேசைக் கணினிக்கே திரவக் குளிர்விப்பு தேவைப்பட்டது. அதை ஒல்லியான லேப்டாப்புக்குள் எப்படி அடக்குவது? சொன்ன 3 ஜிகாஹெர்ட்ஸும் எட்டப்படவில்லை. 2005 ஜூனில், இன்டெல் சிப்புக்கு மாறுகிறோம் என்று ஆப்பிள் அறிவித்தது. 2006 ஜனவரியில் இன்டெல் சிப்போடு மேக்புக் புரோ அறிமுகமானது. ஜி5 லேப்டாப்புக்காகக் காத்திருந்தவர்களுக்கு இரண்டரை வருடம் போனதுதான் மிச்சம்.

திருவண்ணாமலையில் வளர்ந்தவரின் கம்பெனி

'புதுசு வரப்போகுது' என்ற பேச்சு வாங்குபவரை மட்டுமல்ல, விற்பவரையும் பாதிக்கும். இதற்கு 'ஆஸ்போர்ன் விளைவு' என்றே ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு.

ஆடம் ஆஸ்போர்ன் 1939ல் பாங்காக்கில் பிறந்தவர். அவருடைய அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன், ரமண மகரிஷியின் பக்தர். அதனால் ஆடமின் சிறுவயது திருவண்ணாமலையிலும் கொடைக்கானலிலும் கழிந்தது. தமிழ் நன்றாகவே பேசுவார்.

1981ல் அமெரிக்காவில் 'ஆஸ்போர்ன் 1' என்ற கணினியை அறிமுகம் செய்தார். எடை சுமார் 11 கிலோ, திரை 5 அங்குலம், பிராசசர் வேகம் 4 மெகாஹெர்ட்ஸ், விலை 1,795 டாலர். கையில் தூக்கிப் போகும் கணினியாக வணிக ரீதியில் வெற்றி பெற்ற முதல் மாடல் இதுதான்.

1983ல் அடுத்த மாடல் 'எக்ஸிகியூட்டிவ்' பற்றிய பேச்சு முன்கூட்டியே பரவியது. 'புதுசு வரட்டும்' என்று பழைய மாடலுக்கான ஆர்டர்களை கடைக்காரர்கள் நிறுத்தினார்கள் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கதை. அதே வருடம் செப்டம்பரில் கம்பெனி திவாலானது. கேப்ரோ, காம்பாக் போன்ற போட்டியாளர்களும் நிர்வாகக் குளறுபடியும்தான் முக்கியக் காரணம் என்று வாதிடுபவர்களும் உண்டு.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? எக்ஸிகியூட்டிவில் திரையும் மெமரியும் பெரிதானது உண்மை. ஆனால் பிராசசர் அதே இசட்80 சிப்தான்!

ஆடம் ஆஸ்போர்ன் 2003ல் கொடைக்கானலில் காலமானார்.

அப்போ, காத்திருக்கவே கூடாதா?

ஒரு சூழலில் காத்திருப்பது நியாயம். சிப்பின் வேகம் மட்டும் கூடாமல், சிப்பின் வகையே மாறும்போது.

2020 ஜூனில் ஆப்பிள், இன்டெல்லை விட்டு சொந்த சிப்புக்கு மாறுவதாக அறிவித்தது. நவம்பரில் எம்1 வந்தது. இடைப்பட்ட மாதங்களில் இன்டெல் மேக்புக் வாங்கியவர்களுக்கு இழப்பு பெரிது. பேட்டரி, வேகம் இரண்டிலும் எம்1 பெரிய பாய்ச்சல். 2025ல் வந்த மேக் ஓஎஸ் 26தான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு என்றும் ஆப்பிள் சொல்லிவிட்டது.

ஆனால் அது வதந்தி இல்லை, கம்பெனியே தேதியோடு சொன்ன தகவல். அதன் பிறகு 2022ல் எம்2, 2023ல் எம்3, 2024ல் எம்4, 2025ல் எம்5 என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கிறது. இன்டெல், ஏஎம்டி சிப்புகளிலும் இதே கதைதான். எப்போது கேட்டாலும் 'அடுத்தது' ஒன்று வரத்தான் போகிறது.

வேகம் கூடினால் நமக்கு என்ன லாபம்?

அசைன்மென்ட் எழுத, வீடியோ வகுப்பு பார்க்க, பைத்தான் பழக இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தைய சிப்பே தாராளம். இந்த வேலைகளில் லேப்டாப் திணறுவது பெரும்பாலும் ரேம் பற்றாக்குறையால்தான். ஒரு தலைமுறை புதிய சிப்பும் 8 ஜிபி ரேமும் ஒரு பக்கம், கொஞ்சம் பழைய சிப்பும் 16 ஜிபி ரேமும் மறுபக்கம் என்றால், நான்கு வருடம் ஓட்ட நினைக்கும் மாணவருக்கு இரண்டாவதுதான் நல்லது. ஹார்ட் டிஸ்க் வேண்டாம், எஸ்எஸ்டி இருக்கட்டும்.

படிப்பும் முக்கியம். மெக்கானிக்கல் மாணவர்களின் சாலிட்வொர்க்ஸ், காமர்ஸ் மாணவர்களின் டேலி இரண்டும் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. அங்கே ஆப்பிளின் அதிவேக சிப் இருந்தும் நேரடியாகப் பயனில்லை.

கடற்கரை ஊர்க்காரர்கள் கவனிக்க

மேக்புக்கை 10 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான அறை வெப்பத்தில் பயன்படுத்த ஆப்பிள் பரிந்துரைக்கிறது. ராமநாதபுரம் கோடையில் ஏசி இல்லாத அறை இதைத் தாண்டுவது சர்வசாதாரணம். சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எம்1 முதல் மேக்புக் ஏர் மாடலில் விசிறியே கிடையாது. விசிறி இல்லாத லேப்டாப்பில் நீண்ட நேரம் கனமான வேலை செய்தால், காசு கொடுத்து வாங்கிய வேகம் முழுசாகக் கிடைக்காது.

அடுத்தது உப்புக்காற்று. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத கம்பியும், அரிப்பைத் தாங்கும் தனிப் பெயின்ட்டும் தேவைப்பட்டது. லேப்டாப்பின் யூஎஸ்பி துளையும் விசிறியும் எம்மாத்திரம்? ஜன்னலோரம் திறந்து வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பையில் வைத்து மூடுங்கள். ஈரத்தால் வரும் பழுதை சாதாரண வாரன்டி பொதுவாக ஏற்காது.

துபாயில் இருந்து வாங்கி வரச் சொல்லலாமா?

கீழக்கரை, தொண்டி பக்கம் பல வீடுகளில் இந்த யோசனை வரும். 18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பை சுங்கவரி இல்லாமல் கொண்டு வரலாம். ஆனால் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: வாரன்டி இந்தியாவில் செல்லுமா, கீபோர்டில் அரபி எழுத்து இருக்கிறதா, சார்ஜர் பிளக் நம்ம ஊர் பாயின்ட்டுக்குப் பொருந்துமா.

முடிவு எடுப்பது எப்படி?

● கம்பெனி அறிவித்து, விற்பனைத் தேதியும் சொல்லி, அது ஒரு மாதத்துக்குள் என்றால் பொறுக்கலாம். புது மாடல் பிடிக்காவிட்டாலும் பழையதன் விலை இறங்க வாய்ப்பு உண்டு.

● வெறும் கசிவு என்றால் தேவைக்கு வாங்குங்கள். 2025 பிற்பகுதியில் இருந்து மெமரி சிப்புகளின் விலை ஏறியிருக்கிறது. அதனால் 'பொறுத்தா விலை குறையும்' என்ற பழைய கணக்கு எப்போதும் பலிக்காது.

● மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய லேப்டாப் வாங்குவோர், அதில் விண்டோஸ் 11 ஓடுமா என்று பாருங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது.

● கடன் வாங்கும் முன் கல்லூரியில் விசாரியுங்கள். 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. உங்கள் பிள்ளைக்கு அது கிடைக்குமா என்று தெரிந்த பிறகு நகையை எடுத்துக்கொண்டு போகலாம்.

● வகுப்பு தொடங்கி முதல் செமஸ்டர் முழுக்க பிள்ளை மொபைலிலேயே படித்தால் அதுவும் ஒரு நஷ்டம்தான். எந்தப் புது சிப்பின் வேகமும் அந்த நான்கைந்து மாதத்தைத் திருப்பித் தராது.