பிளானட் கிராஃப்டர்

பிரான்சைச் சேர்ந்த மிஜு கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் உருவாக்கிய கணினி விளையாட்டு. 2022 மார்ச்சில் முன்னோட்டப் பதிப்பாகவும் 2024 ஏப்ரலில் முழு வடிவிலும் வெளிவந்தது. உயிரற்ற கோள் ஒன்றில் இறக்கிவிடப்படும் தண்டனைக் கைதி, அதை மனிதர் வாழத்தக்க இடமாக மாற்ற வேண்டும்.

தாகம், பசி, பிராணவாயுக் குறைவு ஆகியவற்றைச் சமாளித்தால் போதும். தாக்க வரும் எதிரி எவரும் இல்லை. இந்த நிதானமே இதன் தனி அழகு. துளையிடும் எந்திரங்கள் காற்றழுத்தத்தையும், சூடேற்றிகள் வெப்பத்தையும், செடி வளர்க்கும் குழாய்கள் பிராணவாயுவையும் கூட்டுகின்றன. இவற்றோடு உயிர்த்திரளும் சேர்ந்து ஒரே குறியீட்டெண்ணாகக் கணக்கிடப்படுகிறது. அந்த எண் ஏற ஏற, செம்பழுப்பு வானம் நீலமாகிறது, மேகம் திரண்டு முதல் மழை பெய்கிறது, பள்ளங்கள் ஏரிகளாகின்றன. தாழ்வில் கட்டிய குடில் நீருக்கடியில் போய்விடுவதும் உண்டு. பனி உருகும்போது அதுவரை அடைபட்டிருந்த குகைகள் திறக்கின்றன. பாசி, மரம், பூச்சி, மீன் என உயிர்கள் படிப்படியாக வருகின்றன.

தொடக்கத்தில் தனியாளாக மட்டுமே ஆட முடிந்தது. முழுப் பதிப்பில் பலர் கூடி ஆடும் வசதி சேர்ந்தது.