தீண்டலும் தீட்டும்: புதுச்சேரியில் ஒரு சொல்லின் வரலாறு

தீண்டு என்னும் வினைக்கு முதற்பொருள் தொடுதல். காற்று தீண்டும், கை தீண்டும். பாம்பு தீண்டினால் நஞ்சு ஏறும். குழந்தையின் மேனி படுவதால் பெற்றோர் பெறும் இன்பத்தை வள்ளுவர் இச்சொல்லால்தான் சொல்கிறார். பெரியபுராணத்தில் திருநீலகண்டக் குயவனாரின் மனைவி, கணவர் தம்மைத் தீண்டலாகாது என்று இறைவன் பெயரால் ஆணையிடுகிறார். இருவரும் முதுமை வரை ஒரே வீட்டில் தொடாமல் வாழ்கிறார்கள். அந்தத் தீண்டாமை கணவன் மனைவிக்கு இடையில் எழுந்த ஊடலின் விளைவு. பிறப்பைப் பற்றியது அன்று.

பிறப்போடு இச்சொல் பிணைக்கப்பட்டதற்குப் பழைய சான்று தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ளது. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வரி நீக்கப்பட்ட நிலங்களை முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள் பட்டியலிடும்போது, பறைச்சேரியோடு தீண்டாச்சேரி என்னும் குடியிருப்பையும் குறிக்கின்றன. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது அரசுக் கணக்கில் ஏறிய சொல். தீண்டலின் கிளையான தீட்டு, பிறப்பு, இறப்பு, மாதவிலக்கு ஆகியவற்றைச் சுற்றி வீட்டுக்குள் வேரூன்றியது.

தீண்டாமையும் தீட்டும் உலகக் கத்தோலிக்கத் திருச்சபையின் வழக்காக மாறிய ஊர் புதுச்சேரி. 1703 நவம்பரில் திருத்தந்தையின் தூதராக சார்லஸ் மையார் தெ தூர்னோன் இங்கு வந்து இறங்கினார். சீனாவுக்குப் போகும் வழியில் எட்டு மாதம் தங்கிய அவர், தமிழ்நாட்டில் இயேசு சபைக் குருக்கள் உள்ளூர் வழக்கங்களுக்கு எவ்வளவு இடம் கொடுத்திருந்தார்கள் என்பதை விசாரித்தார். 1704 ஜூன் 23 அன்று கையெழுத்திட்ட ஆணையில், மலபார் சடங்குகள் என்று ஐரோப்பியர் அழைத்த அவ்வழக்கங்களுள் பலவற்றைத் தடைசெய்தார். திருமுழுக்கின்போது குரு தம் எச்சிலைத் தொட்டுப் பெறுபவரின் காதிலும் மூக்கிலும் வைப்பது உரோமைச் சடங்கு. எச்சில் படுவதைத் தமிழர் அருவருத்ததால் குருக்கள் அதை விட்டுவிட்டிருந்தனர். இனி விடக்கூடாது என்றார் தூர்னோன். மாதவிலக்கான பெண்களைக் கோயிலிலிருந்தும் பாவசங்கீர்த்தனத்திலிருந்தும் விலக்கக் கூடாது என்றார். நோயுற்ற பறையர் கிறித்தவரின் குடிசைக்குள் சென்று குருக்கள் அருட்சாதனம் வழங்க வேண்டும் என்பது இன்னொரு கட்டளை. மேல்சாதியாரை இழக்கக் கூடாதென்று குருக்கள் அந்த வாசற்படியைத் தாண்டாமல் இருந்தார்கள். சாகக் கிடப்பவரை வெளியே தூக்கிவரச் செய்த வழக்கம் அந்த ஆணை கண்ட குற்றங்களில் மிகக் கொடியது.

வழக்கு நாற்பதாண்டு இழுத்தது. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் தூர்னோனின் தடைகளைப் பொதுவாக உறுதிசெய்தார். எச்சிலை விடுவதற்கு மட்டும் பத்தாண்டுச் சலுகை தந்தார். பறையர்களுக்கெனத் தனிக் குருக்களை அமர்த்தும் இயேசு சபையின் திட்டத்துக்கும் இசைந்தார். பிரிவினையைத் தீர்க்க வந்த தீர்ப்பு, குருக்களையே இரண்டாகப் பிரித்துவிட்டது.

புதுச்சேரியில் அப்போது சம்பா கோயில் என்னும் கத்தோலிக்க ஆலயத்துக்குள்ளே ஒரு சுவர் நின்றது. ஒருபுறம் பறையர் கிறித்தவர்கள். மறுபுறம் சாதிக் கிறித்தவரும் ஐரோப்பியரும். பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1745இல் நடந்ததைப் பதிவுசெய்கிறது: ஒதுக்கப்பட்டவர்கள் திரண்டு சென்று, தங்களையும் மக்களாக ஏற்றுக்கொண்ட கோயிலில் சுவர் எதற்கு என்று குருவிடம் முறையிட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது, சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். இந்த ஊரில் தீண்டாமைக்கு எதிரான போராட்டத்தைச் சொல்லத் தொடங்குவோர் அந்த முறையீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தக் கோயில் இன்று இல்லை. 1761இல் ஆங்கிலேயர் நகரைத் தகர்த்தபோது அதுவும் அழிந்தது. இன்றைய சம்பா கோயில் பின்னர் கட்டப்பட்டது.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சு அரசும் சாதியைத் தொடத் தயங்கியது. இந்தியரை அவரவர் சாதி வழக்கப்படியே விசாரிக்க வேண்டும் என்பது 1819 ஜனவரி 6ஆம் நாள் விதி. 1881 செப்டம்பர் 21 ஆணையோ, விரும்பியவர் அந்தத் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வர வழிசெய்தது. துறந்தவர்கள் புதுக் குடும்பப் பெயர் சூடினார்கள். சாதிப் பெயர் தாளில் மறைந்தது. கிணற்றடியிலும் தெருவிலும் மறையவில்லை.

1908 முதல் பத்தாண்டு இங்கு வாழ்ந்த பாரதி, தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த கனகலிங்கத்துக்குப் பூணூல் அணிவித்தார். 1934 பிப்ரவரி 17 அன்று அரிசனப் பயணத்தில் காந்தி புதுச்சேரிக்கு வந்தார். தீண்டாமை ஒழிப்பில் ஈடுபட்டிருந்த வ. சுப்பையா அவரை வரவேற்றவர்களில் ஒருவர்.

ஊரின் ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தது. தீண்டாமையை எந்த வடிவிலும் கடைப்பிடிக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு. அச்சொல்லுக்கு அரசியலமைப்பு எங்கும் விளக்கம் தரவில்லை. சமூகம் அதற்கு என்ன பொருள் கொண்டிருந்ததோ அதைத்தான் சட்டம் தடைசெய்தது.