2 படுக்கையில் தொடங்கிய ஆஸ்பத்திரி: டெல்லி வரை போன காந்திகிராமம் டாக்டர் அம்மா

திண்டுக்கல்லில் இருந்து மதுரை போகும் பஸ்சில் சின்னாளப்பட்டி பிரிவைத் தாண்டும்போது காந்திகிராமம் போர்டை பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அதை உருவாக்கியவர் டாக்டர் டி.எஸ்.சவுந்தரம். திண்டுக்கல் எம்.பி.யாகவும் மத்திய துணை மந்திரியாகவும் இருந்தவர்.

மதுரையில் பஸ் விட்ட டி.வி.எஸ். நிறுவனர் டி.வி.சுந்தரம் அய்யங்காரின் மகள் இவர். 1904-ல் பிறந்தார். சின்ன வயசிலேயே கல்யாணம். கணவரும் டாக்டர்தான். இளம் வயதிலேயே அவர் இறந்துபோனார். அந்தக் காலத்தில், அதுவும் அப்படிப்பட்ட குடும்பத்தில், விதவைப் பெண் என்றால் வீட்டு மூலைதான். சவுந்தரம் முடங்கவில்லை. டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1936-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அப்போது வயசு 32.

அங்கே உடன் படித்த தோழி சுசீலா நய்யார் மூலம் காந்தியின் அறிமுகம் கிடைத்தது. (இந்த சுசீலாவும் பின்னாளில் மத்திய சுகாதார மந்திரி ஆனார்.)

காந்தி வைத்த சோதனை

கேரளாவைச் சேர்ந்த ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்ய சவுந்தரம் விரும்பினார். விதவை மறுமணம், அதிலும் வேற சாதி. வீட்டில் கடும் எதிர்ப்பு. காந்தியும் உடனே சரி சொல்லவில்லை. ஒரு வருஷம் பார்க்கக் கூடாது, கடிதமும் எழுதக் கூடாது என்றார். இருவரும் தாக்குப் பிடித்தனர். 1940 நவம்பர் 7-ந்தேதி சேவாகிராமத்தில் காந்தி முன்னிலையில் கல்யாணம் நடந்தது.

1947-ல் கணவருடன் சேர்ந்து காந்திகிராமத்தை தொடங்கினார். சின்னாளப்பட்டியில் 2 படுக்கையோடு ஆரம்பித்ததுதான் இன்றைய கஸ்தூரிபா ஆஸ்பத்திரி. நெசவாளர், கூலிக்காரர் வீட்டுப் பெண்களுக்கு பிரசவம் என்றால் ஓடி வர ஒரு இடம் கிடைத்தது. ஆதரவில்லாத குழந்தைகளுக்கு சவுபாக்கியா இல்லம் வந்தது. 1956-ல் கிராமியக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1976-ல் அது நிகர்நிலை பல்கலைக்கழகம் ஆனது.

ஓட்டு அரசியல்

1952-ல் ஆத்தூர், 1957-ல் வேடசந்தூர் என இரண்டு முறை காங்கிரஸ் எம்.எல்.ஏ. 1962-ல் திண்டுக்கல் எம்.பி. ஆனார். கல்வித் துறை துணை மந்திரி பதவி கிடைத்தது. அதே ஆண்டு பத்மபூஷண் விருதும் வந்தது.

1967 தேர்தலில் தி.மு.க. அலை. காமராஜரே விருதுநகரில் தோற்ற வருஷம் அது. சவுந்தரமும் திண்டுக்கல்லில் தோற்றார். எத்தனை பிரசவம் பார்த்திருந்தால் என்ன, ஓட்டுப் பெட்டி கணக்கு வேற!

தோற்றவர் டெல்லியில் தங்கவில்லை, காந்திகிராமத்துக்கே திரும்பினார். 1984 அக்டோபர் 21-ந்தேதி காலமானார். 2005-ல் மத்திய அரசு அவருக்கு தபால் தலை வெளியிட்டது.